மாசிலாமணியின் கவள நோட்டு

குரு, சீடன்னு சொன்னதும் உங்க எல்லாருக்கும் மனசுல ஒரு தாடி முளைச்சிருக்கும். வெள்ளைத் தாடி. பக்கத்துல ஒரு ஆலமரம், ஒரு ஆறு. தயவுசெஞ்சு தாடியை எடுத்துடுங்க. மரத்தை ஓரமா வெச்சிடுங்க. ஆறு அது பாட்டுக்குப் போகட்டும்.

இந்தக் கதையில குருவுக்கு முப்பத்தி நாலு வயசு. பேரு பிலோமினா. சீடருக்கு அறுபத்தி ஒண்ணு. இடம், திண்டுக்கல்ல ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடி. வாசல்ல ஒரு போர்டு தொங்கும். 'எளிய கைவினை, சுலப சமையல். வீட்டிலேயே செய்யலாம், வாங்க.' செவ்வாயும் வெள்ளியும், பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும்.

போர்டைச் சொன்னதும் உங்கள்ல ரெண்டு பேரு பேனாவை எடுத்துட்டீங்க. 'தேவையான பொருட்கள்'னு தலைப்புகூடப் போட்டாச்சு. போட்டது இருக்கட்டும். கதை அந்தத் தலைப்புக்குக் கீழேதான் வருது.

சீடர் பேரு மாசிலாமணி. பொதுப்பணித்துறையில டிராஃப்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. மதகு, பாலம், அணை எல்லாத்துக்கும் வரைபடம் போட்ட கை. பேசுறப்பகூட ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும்.

அவரு சம்சாரம் அங்கயற்கண்ணி. குளியலறையில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. மாவுக்கட்டு. சமையல் இவரு கைக்கு வந்துச்சு. மூணே வாரத்துல அந்தம்மா நாலு கிலோ இளைச்சுட்டாங்க.

டாக்டரு முதல்ல எடை மெஷினைப் பாத்தாரு. அப்புறம் மாசிலாமணியைப் பாத்தாரு.

"சாப்பிடாம இருந்தா எலும்பு எப்படிங்க சேரும்? அடுத்த தடவை வர்றப்ப இன்னும் குறைஞ்சிருந்தா அட்மிட் பண்ணிடுவேன்."

அப்படித்தான் மாசிலாமணி மாடி ஏறினாரு.

முதல் நாள் பிலோமினா ஒரு தாளைக் கொடுத்தாங்க. உப்புமா. ரவை ஒரு கப். தண்ணி ரெண்டரை கப். கடுகு அரை ஸ்பூன். ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிட்டே வந்தவரு, கடைசி வரியில நின்னுட்டாரு.

"மேடம், 'உப்பு தேவையான அளவு'ன்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"எவ்வளவு?"

"தேவையான அளவு."

"அதுதான் மேடம், எவ்வளவு?"

"யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு."

"அவங்களுக்குத் தேவையான அளவு."

மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழட்டினாரு. "மேடம், 'சிமென்ட் தேவையான அளவு'ன்னு நான் ஒரு அணைக்கு எழுதியிருந்தேன்னா, இந்நேரம் பாதி ஜில்லா தண்ணியில நிக்கும்."

பிலோமினா ஒரு டப்பாவைத் திறந்தாங்க. ஒரு பழைய பிளாஸ்டிக் வளையலையும் ஒரு கண்டு பட்டு நூலையும் எடுத்து அவரு முன்னால வெச்சாங்க.

"பட்டு நூல் வளையல் பண்ணுங்க சார்."

"நான் சமையலுக்கு வந்தேன் மேடம்."

"ரெண்டும் ஒரே கிளாஸ்தான்."

சாம்பார், கூட்டு, பொரியல்னு ஒருபக்கம் கத்துக்கிட்டாரு. மறுபக்கம் நூல் சுத்தினாரு. ரெண்டு வாரம் ஆச்சு. வளையல் முடிஞ்சப்ப ஒரு இழைக்கும் இன்னொரு இழைக்கும் நடுவுல காத்து நுழைய இடமில்ல. ஜன்னலோரம் உக்காந்திருந்த ஒரு அம்மா வாங்கிப் பாத்துட்டு, "கையாலயா பண்ணினீங்க?"ன்னு கேட்டாங்க. சந்தேகமா.

"யாருக்கு சார் இது?"ன்னாங்க பிலோமினா.

"சம்சாரத்துக்குத்தான். கட்டுப் பிரிச்சதும் போட்டுக்கட்டும்."

"அவங்க கை அளவு என்ன? ரெண்டு நாலா, ரெண்டு ஆறா?"

மாசிலாமணி தன் கையைத் திருப்பிப் பாத்தாரு.

"சாதாரணக் கை மேடம்."

பிலோமினா வளையலை அவரு கையிலயே திருப்பிக் கொடுத்துட்டாங்க. "தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை வந்தாரு. நின்னபடியே சொன்னாரு. "இருபத்தெட்டு புள்ளி அஞ்சு சென்டிமீட்டர்."

ஜன்னலோரத்து அம்மா, "அது கோயில் யானைக்கு சார்"ன்னாங்க.

"மாவுக்கட்டு மேல அளந்தேன்."

"இன்னொரு கை இருக்கே?"ன்னாங்க பிலோமினா.

"அந்தக் கையிலதான் ஸ்பூன் இருந்துச்சு. சாப்பிட்டுட்டு இருந்தா. தொந்தரவு பண்ண வேணாம்னுட்டு இந்தக் கையை அளந்தேன்."

எல்லாரும் சிரிச்சாங்க. பிலோமினா சிரிக்கல.

"சாப்பிட்டுட்டு இருக்கறப்பவா அளந்தீங்க?"

"அப்பத்தான் மேடம் ஆடாம இருப்பா."

"அன்னைக்கு எத்தனை வாய் சாப்பிட்டாங்க?"

"ரெண்டு."

கேட்டு முடிக்கல, பதில் வந்துடுச்சு. பிலோமினா நிமிர்ந்து பாத்தாங்க. "எண்ணினீங்களா?"

"எண்ணாம எப்படி மேடம்? நோட்டு போட்டிருக்கேனே."

பையிலேர்ந்து ஒரு நீள நோட்டை எடுத்து விரிச்சாரு. கட்டம் கட்டமா கோடு. மேல தலைப்பு. தேதி, கிழமை, பதார்த்தம், உப்பு, கவளம். நாலு கிராம், மூணு கவளம். அஞ்சு கிராம், ரெண்டு கவளம். நாலே கால், மூணு. ஓரத்துல பென்சில்ல சின்னதா ஒரு குறிப்பு: 'இருமல் - 1.'

"செவ்வாயும் வெள்ளியும் காலியா இருக்கே சார்?"

"அன்னைக்கு மதியம் நான் இங்க வந்துடுறேனே மேடம். சமைச்சு மூடி வெச்சுட்டு வருவேன். திரும்பிப் போனா சட்டி காலியா இருக்கும். சாப்பிட்டியான்னு கேட்டா, ஆச்சும்பா. கண்ணால பாக்காததை நான் எழுத மாட்டேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ்."

"மத்த நாள்ல எங்கேயிருந்து பாப்பீங்க?"

"எதிர்லதான். ஸ்டூல் போட்டு. தட்டுக்கு நேரா."

"நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"

"அவ முடிச்சப்புறம்." நோட்டைத் தடவினாரு. "கல்யாணமாகி முப்பத்து மூணு வருஷம் மேடம். அவ சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. நான் எந்திரிச்சப்புறம் அடுப்படியில உக்காந்து சாப்பிடுவா. இப்பத்தான் எதிர்ல இருந்து கவனிக்கிறேன்."

அதைச் சொல்றப்ப குரல்ல ஒரு பெருமை. பெருமைக்கு அடியிலயும் ஒரு கோடு.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். நாலரை கிராமா? அஞ்சா? வர்ற வியாழக்கிழமை டாக்டர்கிட்டப் போகணும். நேத்து அவ ஜாக்கெட்டுல ஊக்கு குத்திக்கிட்டு இருந்தா. தொளதொளன்னு ஆயிடுச்சு." அந்த வாக்கியத்துக்கு மட்டும் அடியில கோடு இல்ல.

பிலோமினா நோட்டை மூடி அவரு கையில கொடுத்தாங்க. "செவ்வாக்கிழமை காலையில எதுவும் சாப்பிடாம வாங்க சார். பசியோட வாங்க."

செவ்வாக்கிழமை பசியோட வந்தாரு. வந்த வேகத்துல நோட்டை வீட்டுலயே விட்டுட்டாரு. குட்டித் தராசு மட்டும் பையில இருந்துச்சு. ரவையை வறுத்தாரு. உப்பை நிறுத்தாரு. நாலரை கிராம். கிளறி இறக்கினாரு. நல்ல வாசனை. ஜன்னலோரத்து அம்மாவே திரும்பிப் பாத்தாங்க.

பிலோமினா ஒரு தட்டுல போட்டு அவரு முன்னால வெச்சாங்க. எதிர்ல ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. மடியில ஒரு நோட்டு. கையில பேனா.

"சாப்பிடுங்க சார்."

ஒரு வாய் எடுத்தாரு. பிலோமினா எழுதினாங்க.

ரெண்டாவது வாய். எழுதினாங்க.

"என்ன மேடம் எழுதுறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க."

மூணாவது வாய். பிலோமினா கழுத்தை நீட்டி அவரு தொண்டையைப் பாத்தாங்க. அவருக்குப் புரையேறிச்சு. அதையும் எழுதினாங்க. நாலாவது வாய்க்குக் கை போறப்ப, ஒரு பட்டு நூலை எடுத்து அவரு இடது மணிக்கட்டைச் சுத்தி அளக்க ஆரம்பிச்சாங்க.

மாசிலாமணி தட்டைத் தள்ளி வெச்சாரு.

"போதும் மேடம்."

"பசிக்கலையா?"

"பசிக்குது."

"உப்பு?"

"சரியா இருக்கு."

"பசி இருக்கு, உப்பும் சரியா இருக்கு. அப்புறம் ஏன் சார் வெச்சுட்டீங்க?"

மாசிலாமணி யோசிச்சாரு. பின்னிட்டு இருந்தவங்க ஊசியை நிறுத்திட்டாங்க. கீழ ஜெராக்ஸ் மெஷின்கூட நின்ன மாதிரி இருந்துச்சு. அவரு முகத்துல மெல்ல ஒரு வெளிச்சம் வந்துச்சு.

"புரிஞ்சுடுச்சு மேடம்."

எல்லாரும் மூச்சை விட்டாங்க.

"ஸ்டூல் ரொம்பக் கிட்ட இருக்கு. ரெண்டடி. ஆறடி தள்ளிப் போட்டுட்டா சரியாயிடும்."

பிலோமினா பேனாவை மூடினாங்க.

அந்த நேரம் படியில தடதடன்னு செருப்புச் சத்தம். ரஹமத்நிஷா. மாசிலாமணி வீட்டுக்கு எதிர்வீட்டு மருமக. மேல்மூச்சு வாங்குது. கையில அந்த நீள நோட்டு.

"மாமா, நோட்டை விட்டுட்டு வந்துட்டீங்களாம். அத்தை கொடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"அவளா?" மாசிலாமணிக்கு சந்தோஷம். "பாத்தீங்களா மேடம், அவளுக்கே நோட்டு மேல அக்கறை வந்துடுச்சு."

"அது இல்லாட்டி நீங்க பாதியில திரும்பி வந்துடுவீங்களாம். ஓடு, ஓடுன்னு துரத்துனாங்க."

மாசிலாமணி காதுல அது விழல. நோட்டை விரிச்சுட்டாரு. ஸ்கேலை வெச்சுப் புதுசா ஒரு கோடு இழுத்துத் தலைப்பு எழுதினாரு. 'தூரம் (அடி).' அப்புறம் காலியா இருந்த கட்டங்களைப் பாத்து உச்சுக் கொட்டினாரு.

"இதுதான் மேடம் குறை. இதுவும் நிரம்பிட்டா அளவு தானா வந்துடும்." ரஹமத்நிஷா பக்கம் திரும்பினாரு. "ஏம்மா, நீ எதிர்லதானே இருக்கே. செவ்வா, வெள்ளி மதியம் ஒரு எட்டு போய் உக்காந்து, அத்தை எத்தனை வாய் சாப்பிடுறான்னு எண்ணிச் சொல்றியா?"

ரஹமத்நிஷா பிலோமினாவைப் பாத்துச்சு. பிலோமினா நூலைக் கண்டுல சுத்திட்டு இருந்தாங்க.

"எங்க போய் உக்கார்றது மாமா? அன்னைக்கு அத்தை எங்க வீட்டுலதானே இருப்பாங்க."

"உங்க வீட்டுலயா?"

"நீங்க தெரு திரும்பினதும் சட்டியைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. நானு, எங்க மாமியாரு, அத்தை, மூணு பேரும் சேந்து உக்காந்துதான் சாப்பிடுறோம். இப்பகூட எனக்காகத் தட்டுப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க."

"என் சட்டியா? நான் வெச்ச சாம்பாரா?"

"அதேதான் மாமா."

"அதுல உப்பு..."

"யாரு மாமா உப்பைப் பாத்தா? பேசிட்டே ரெண்டாந்தரம் ஊத்திக்குவாங்க."

மாசிலாமணி குருவைப் பாத்தாரு. குரு இன்னும் நூல்தான் சுத்திட்டு இருந்தாங்க.

ரஹமத்நிஷா முந்தானையால வாயைப் பொத்திக்கிச்சு. ஆனா பேச்சு நிக்கல, வந்துடுச்சு. குனிஞ்சு நோட்டு மேல விரலை வெச்சுச்சு.

"மாமா, இந்தா, காலியா விட்டிருக்கீங்களே இந்த ரெண்டு கட்டம். அத்தை சாப்பிடுறதே அந்த ரெண்டு நாள்தான்."