தென்காசிக்காரம்மா

மடத்துக்கு வருகிறவர்கள் கர்மம், மோட்சம் என்று எதையெதையோ கேட்பார்கள். குழந்தைவேலு கேட்டது ஒரு செயலிக்குப் பெயர்.

துணையில்லாமல் நாற்பதைத் தாண்டியவர்கள் கைப்பேசியில் ஒருவரையொருவர் பார்த்து, பேசி, பழகிக்கொள்வதற்கான செயலி அது. மனைவி இறந்தபின் தனியாக உட்கார்ந்து அவரே உருவாக்கியது. எல்லாம் முடிந்துவிட்டது. பெயர்தான் அமையவில்லை. அதற்காகவே மடத்தில் வந்து தங்கியிருந்தார். உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் நடந்தார்.

அன்று காலை அருளம்மையின் முன்னால் வந்து நின்றார். அருளம்மை அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அவருக்குக் குரு.

“தாயே, ‘நெஞ்சோடு நெஞ்சம்’னு வைக்கலாமா?”

“யார்கிட்டயாவது சொல்லிப் பாத்தீங்களா?”

“தென்காசிக்காரம்மாகிட்ட சொன்னேன். மார்ச்சளித் தைலமான்னு கேட்டாங்க.”

அருளம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டார். தென்காசிக்காரம்மா பூசத்து அன்னதானத்துக்குச் சமைக்க வந்தவர். விழா முடிந்தும் சமையல்கட்டோடு தங்கிவிட்டார். அவரும் தனி ஆள்தான்.

“வேற?”

“‘இணைகோடு’. அது ரெண்டும் கடைசிவரைக்கும் சேராதே சார், நீங்க படிச்சவர்தானேன்னாங்க.”

“அப்புறம்?”

“‘கைத்தலம்’. கைரேகை பாக்கத்தான் ஆள் வரும்னாங்க.”

சொல்லும்போதே குழந்தைவேலுவின் முகம் தெளிந்திருந்தது. அந்த அம்மாவைச் சிரிக்கவைப்பதற்கென்றே சில பெயர்களை யோசித்தது அவருக்கே தெரியும். மனைவி போனபின் யாரோடும் அவர் அப்படிப் பேசியதில்லை.

“அவங்க இன்னிக்கு ஊருக்குக் கிளம்புறாங்க. இனிமே அண்ணன் வீட்டோடதானாம். தெரியுமா?”

“தெரியும் தாயே.” கைப்பேசியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேர் முடிவாகட்டும்னுதான் இருக்கேன். முடிவானதும் அவங்களையே முதல் ஆளா அதுல சேரச் சொல்லலாம்னு.”

“சேந்து?”

“நானும் அதுல இருப்பேன். அது வழியா என் மனசுல இருக்கிறதக் கேட்டா, தப்பா எடுத்துக்கமாட்டாங்க.”

அருளம்மை சாலைப் பக்கம் கையை நீட்டினார்.

அங்கே அந்த அம்மா பையோடு நின்றிருந்தார். பேருந்து வந்து நின்றது.

குழந்தைவேலு செருப்புகூடப் போடாமல் ஓடினார். மடத்து வாசலைத் தாண்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. சன்னலோரம் பச்சைச் சேலை தெரிந்தது. வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே நின்றது. வண்டி போயிற்று.

திரும்பி வந்தபோது முழங்கால்வரை புழுதி.

“கூப்பிடலையா?” என்றார் அருளம்மை.

“என்னன்னு கூப்பிடுறது தாயே? அது தென்காசி வண்டி. தென்காசிக்காரம்மான்னா பாதி வண்டி திரும்பிப் பாக்கும்.”

“அவங்களுக்குன்னு ஒரு பேர் இருக்குமே.”

குழந்தைவேலு தரையைப் பார்த்தார்.

“கேக்கத் தோணலை.”

அருளம்மை உள்ளே போய், மடத்து ஸ்கூட்டரின் சாவியோடு வந்தார்.

“டோல்கேட் தாண்டி டீக்கு நிறுத்துவான்.”

சாவியை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் பாதியில் நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“தாயே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. பேரை மட்டும் சொல்லிடுங்க.”

“அது அவங்க எனக்குச் சொன்னது. உங்களுக்குச் சொல்வாங்களான்னு நீங்க போய்க் கேளுங்க.”