துலாபாரத் தட்டில் எழுபத்தெட்டுப் பொட்டலம்

வெள்ளாற்றூர் அரசர் அழகேச பூபதிக்கு ஒரு பெருமை உண்டு. தன் நாட்டில் எந்தப் பொருளின் விலையும் ஏறாது என்பதுதான் அது. ஏறக்கூடாது என்று ஆணை போட்டிருந்தார். மீறி ஏற்றினால் கடையை மூடிவிடுவார்கள்.

அந்த ஆணையால் கொழித்தவர் வணிகர் தனகோடி. 'எதை எடுத்தாலும் ஒரு பணம்' என்று பலகை மாட்டிக் கடைவீதியில் கடை போட்டிருந்தார். வெல்லம், புளி, பருப்பு எல்லாம் வாழைச்சருகில் கட்டிய பொட்டலங்கள். மூன்று வருடமாக ஒரு பொட்டலம் ஒரு பணம்தான். பொட்டலத்தின் பருமனும் குறையவில்லை. உள்ளே சருகு மட்டும் சுற்றுச் சுற்றாகக் கூடிக்கொண்டே வந்தது.

ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். போய் முறையிட்டால் அதிகாரி, "விலை ஏறியதா?" என்று கேட்பார். இல்லை என்பார்கள். "பிறகென்ன?" என்பார். வந்த வழியே வீடு திரும்ப வேண்டியதுதான்.

மாட்டிக்கொண்டவள் பொம்மி. கோட்டை வாசலில் வெல்லப் பணியாரம் சுட்டு விற்பவள். அரசருக்குக் காலைப் பலகாரமே அவள் பணியாரம்தான். இரண்டு காசுக்கு விற்ற தொன்னையை அவள் மூன்று காசாக்கிவிட்டாள். அன்றைக்கே தனகோடி அரசரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார். அரசருக்கும் வருத்தம்தான். ஆனால் சட்டம் சட்டமல்லவா? தன் பிறந்தநாள் முடிந்ததும் அவள் கடையை மூடச் சொல்லிவிட்டார். அந்த அடுப்பை நம்பி அவள் வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள்.

அவையில் அரசருக்கு யோசனை சொல்பவர் கூத்தபிரான். சாமர்த்தியமாகப் பேசுவார். அவர் பொம்மியைத் தேடிப் போனார்.

"ஏனக்கா விலையை ஏத்தினே?"

"ஒரு பானை மாவுக்கு ரெண்டு பொட்டலம் வெல்லம் போடுவேன் சாமி. இப்ப மூணு போட்டாத்தான் அதே இனிப்பு வருது. என்ன செய்யச் சொல்றீங்க?"

"பணியாரத்தைச் சின்னதாக்கியிருந்தால் உன்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்களே."

"கை வரல சாமி. வாங்கிட்டுப் போறது குழந்தைங்க."

கூத்தபிரானுக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவையில் எழுந்தார்.

"மன்னா, தனகோடி ஐயா கடை திறந்த வருடம், அவர் கடை வெல்லத்தை வைத்துத்தான் தங்களுக்குத் துலாபாரம் நடந்தது. இந்தப் பிறந்தநாளுக்கும் அதையே வைத்தால் என்ன? அன்று கொடுத்த அதே விலை. நாட்டுக்கே பெருமை."

அரசர் மகிழ்ந்தார். தனகோடிக்கு வாயெல்லாம் பல். எடை போடப்போவது அரசரைத்தானே, வெல்லத்தையா என்று நினைத்துவிட்டார்.

பிறந்தநாள் வந்தது. கோயில் மண்டபத்தில் ஊரே கூடியிருந்தது. பெரிய தராசின் ஒரு தட்டில் அரசர் அமர்ந்தார். மறு தட்டில் பொட்டலங்களை அடுக்கினார்கள். கோயில் ஏட்டில் போன தடவைக் கணக்கு ஐம்பத்துநான்கு என்று இருந்தது. ஐம்பத்துநான்காவது பொட்டலத்தை வைத்துவிட்டு எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அரசரின் தட்டு தரையை விட்டு அசையவில்லை. அறுபது வைத்தார்கள். எழுபது வைத்தார்கள். எழுபத்தெட்டில்தான் மெல்ல எழும்பியது.

கூத்தபிரான் அரசரின் அருகில் போய்க் குனிந்தார்.

"மனம் தளரக் கூடாது மன்னா. வைத்தியரை வரச்சொல்லியிருக்கிறேன்."

"எதற்கு?"

"ஐம்பத்துநான்கு எழுபத்தெட்டாகிவிட்டதே. நெய்யையும் இனிப்பையும் பகல் தூக்கத்தையும் விட்டால் குறைத்துவிடலாம் என்கிறார்."

வைத்தியர் அதற்குள் ஓலையில் எழுத ஆரம்பித்திருந்தார். அரசர் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"என் கச்சை அதே முடிச்சில்தானே நிற்கிறது?"

"மரியாதைக்காக நிற்கிறதோ என்னவோ, மன்னா."

"அப்படியானால் நான் பருத்துவிட்டேன் என்கிறாயா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒன்று, தாங்கள் பருத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொட்டலம் இளைத்திருக்க வேண்டும். தனகோடி ஐயாவைக் கேட்டால் தெரியும்."

தனகோடி அவசரமாகக் கைகூப்பினார். "மன்னரின் புகழ் கூடியிருக்கிறது. அந்த எடையாக இருக்கும்" என்றார்.

"வைத்தியரே, புகழுக்கும் சேர்த்துப் பத்தியம் எழுதிவிடுங்கள்" என்றார் கூத்தபிரான்.

"நாளையிலிருந்து வெறும் கஞ்சி" என்றார் வைத்தியர், தலையை நிமிர்த்தாமலே.

அரசரின் குரல் மாறியது. "தனகோடி, என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் குண்டா?"

தனகோடி அரசரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற காவலரையும் பார்த்தார்.

"பொட்டலம்தான் மன்னா. கொஞ்சம் இளைத்துவிட்டது."

ஒரு பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார் அரசர். காவலன் பிரித்தான், பிரித்தான், பிரித்துக்கொண்டே இருந்தான். அவன் காலடியில் சருகு குவிந்த பிறகுதான் வெல்லம் கண்ணில் பட்டது.

"பொம்மி விலையைச் சொல்லிவிட்டு ஏற்றினாள்" என்றார் அரசர். "நீ சொல்லாமல் ஏற்றியிருக்கிறாய். அவள் அடுப்பை யாரும் தொடக்கூடாது. இனி உன் கடையில் எல்லாரும் பார்க்க நிறுத்துக் கொடு."

கூட்டத்தில் நின்ற பொம்மி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அரசருக்கு அதோடு மனம் ஆறவில்லை.

"நான் பருக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். அன்றைய பொட்டலம் சரியாக ஒரு வீசை. வீசைக் கற்களை வைத்து நிறுங்கள்."

வெல்லத்தை இறக்கிவிட்டுக் கற்களை அடுக்கினார்கள். ஐம்பத்துநான்கு கல் வைத்தும் தட்டு எழும்பவில்லை. ஐம்பத்தைந்திலும் இல்லை. ஐம்பத்தாறில் எழும்பியது.

அரசர் மெல்லத் திரும்பினார். "கூத்தபிரான், அந்த இரண்டு வீசை எங்கிருந்து வந்தது?"

கூத்தபிரான் பொம்மி நின்ற பக்கம் கையைக் காட்டினார்.

"அது பொம்மியக்காவின் பணியாரம், மன்னா. மூன்று வருடமாக அவள் அளவைக் குறைக்கவே இல்லை."

அரசர் சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

போட்டுவிட்டு, "எங்கே, இப்போது மறுபடி நிறுங்கள் பார்ப்போம்" என்றார்.