வேலம்பாசி கேட்ட வெயில்

தாழைக்குளத்துக் கெண்டை மீனின் குஞ்சுகளில் பாதியை மீன்கொத்தி கொண்டுபோய்விட்டது. மிச்சத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாமல் கெண்டை தவித்தது.

அப்போது மழைத்தண்ணீரோடு ஓர் ஆகாயத்தாமரைக் கொத்து வாய்க்கால் வழியே வந்தது.

"எனக்கு இடம் கொடு அக்கா. நான் பரவிவிட்டால் எந்தப் பறவைக்கும் உன் பிள்ளைகள் தெரியாது" என்றது.

கெண்டை அதை மூக்கால் தள்ளித் தள்ளி நடுக்குளத்தில் விட்டது.

குளத்தடியில் வேர்விட்டிருந்த வேலம்பாசி பதறியது. "வேண்டாம் அக்கா. மேலே மூடிவிட்டால் எனக்கு வெயில் வராது."

"உன் வெயில் பெரிதா, என் பிள்ளைகள் பெரிதா?"

"வெயிலைக் கொண்டுதான் நான் சாப்பாடு செய்கிறேன். அப்போது நான் விடும் குமிழிகள்தான் உன் பிள்ளைகளுக்கு மூச்சு. வெயில் போனால் கொடுக்க ஒன்றும் இருக்காது. உன்னைப் போல நானும் தண்ணீரிலிருந்து மூச்சை இழுக்கத்தான் செய்வேன்."

"செவுள்கூட இல்லாத உனக்கு மூச்சு எதற்கு?"

"எனக்கும் இரவும் பகலும் மூச்சு ஓடுகிறது. பகலில் கொடுப்பது அதிகம். அதனால் எடுப்பது உனக்குத் தெரியவில்லை."

"குளிர் காய இடம் போகிறதே என்று கதை கட்டுகிறாள்" என்றது கரையில் கிடந்த தவளை. கெண்டைக்கும் அப்படித்தான் பட்டது.

கொஞ்ச நாளில் குளம் தெரியாமல் இலை மூடியது. மீன்கொத்தி வந்து பார்த்துவிட்டு வேறு குளத்துக்குப் போனது. கெண்டை முதல்முறையாக அச்சமில்லாமல் நீந்தியது.

பிறகு குஞ்சுகள் வாயைப் பிளந்து திணறத் தொடங்கின. கெண்டை அடியில் இறங்கியது. பாசி பழுத்துச் சாய்ந்து கிடந்தது.

"கொஞ்சம் மூச்சு கொடு, தாயே."

"இல்லையே அக்கா. உன் பிள்ளைகளின் மூச்சைத்தான் நானும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்."

"எடுக்காதே!"

"எடுக்காமலிருக்க எனக்கு வழி தெரியவில்லை."

கெண்டை மேலே பாய்ந்து ஆகாயத்தாமரையை முட்டியது. வேரோடு வேர் பின்னியிருந்தது. அசையவில்லை.

"மேலே இவ்வளவு காற்று இருக்கிறதே, வந்து இழுத்துக்கொள்ளேன்" என்றது தவளை. தவளைக்கு அது முடியும், மீனுக்கு முடியாது.

குஞ்சுகள் ஒவ்வொன்றாக வயிறு வெளுத்து இலைகளுக்கடியில் ஒதுங்கின. கடைசிக் குஞ்சு தாயின் செவுளோரம் வந்து ஒட்டிக்கொண்டது.

"அம்மா, மீன்கொத்தி போய்விட்டதா?"

"போய்விட்டது, கண்ணே."

குஞ்சு வாயைத் திறந்தது. பிறகு மூடவில்லை.

எதிரிக்குப் பயந்து, நம்மை வாழவைப்பவரின் வெளிச்சத்தை அடைத்தால், எதிரி செய்யாததை நாமே நமக்குச் செய்துகொள்வோம்.