எல்லாப் பிள்ளையும் பாஸ்

தாராபுரம் போகிற வழியில், மின்சாரக் காற்றாலைகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. அதில் திலகவதி அம்மா இருந்தார். முன்பு குழந்தைகள் டாக்டர். ஞாயிறு காலையில் சிலபேர் வந்து அவர் முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருவார்கள். மனசில் உறுத்துகிற கேள்வி இருந்தால் கேட்பார்கள், போவார்கள்.

அம்மாவுக்கு வயது நாற்பதுதான். சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பது. "சின்னவ கால்ல பெரியவன் விழறதா?" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! யாரிடம் கேட்டால் தெளிகிறதோ அவரிடம்தானே கேட்க முடியும்?

சென்னியப்பன் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லை. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே மகள் மிருதுளா, அவர் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு படித்தாள். அவள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அந்த ஞாயிறு அவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. கூடவே வந்த மகள் வாசலில் நின்ற ஆட்டுக்குட்டியிடம் போய்விட்டாள்.

"என்னங்க வாத்தியாரே, விசேஷமா?"

"விசேஷந்தானுங்க அம்மா. காப்பீட்டு அட்டை இருக்கிற வீட்டுப் புள்ளைங்களுக்குக் கவர்மெண்ட்டுல பரிசோதனை வண்டி அனுப்பறாங்களே, அது வெள்ளிக்கெழம எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துது. கண்ணுல ஒரு புள்ளைக்குக்கூடக் குத்தமில்லீங்க! எல்லாரும் பாஸ். வந்த டாக்டரே எனக்குக் கை குடுத்துட்டுப் போனாரு."

"சந்தோஷம்."

"ஆனா ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்க."

"நோய்நொடி வந்தா ஆஸ்பத்திரிக்குப் போறோம். அட்டையக் காட்டினாப் பாத்துக்குவாங்க. சரி. நல்லா ஓடியாடற புள்ளைங்கள வரிசைல நிறுத்தி, இல்லாத நோயத் தேடறது வெட்டி வேலைதானுங்களே? பசிக்காதவனுக்குப் பந்தி எதுக்குங்க?"

அம்மா பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"ஒரு புள்ளைகூடவா எழுத்தைப் படிக்கத் திணறல?"

"ஒண்ணுகூட இல்லீங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொன்னாங்க."

"அந்த வரி எறும்பு மாதிரி இருக்குமே. எனக்கே சிரமம்."

சென்னியப்பன் சிரித்துவிட்டார். பரிசு வாங்கிய பையனின் சிரிப்பு.

"அது சும்மா வருங்களா? போன வருஷம் அஞ்சாவதுக்கு மட்டும் வண்டி வந்தப்பவே அந்த எழுத்துச் சார்ட்டைப் போன்ல படம் புடிச்சு வெச்சிருந்தேன். இந்தத் தடவ அதப் பெருசாப் பிரிண்ட் போட்டு எல்லா வகுப்புலயும் மாட்டிட்டேன். காலைல குறள் சொன்ன கையோட அதையும் கோரஸாச் சொல்ல வெச்சேன். வெளியாளுக முன்னால நம்ம புள்ளைங்க திருதிருன்னு முழிச்சா அசிங்கமில்லீங்களா? இன்ஸ்பெக்ஷன்னா அப்படித்தானுங்களே தயார் பண்ணுவோம்!"

அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. திட்டுவார் என்று யாரும் நினைத்திருப்பார்கள். திட்டவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார்.

"மிருதுளா, இங்க வா அம்மிணி."

பிள்ளை வந்தாள். அவளைக் கூடத்தில் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். ஒரு காலண்டர்கூடக் கிடையாது.

"வண்டி வந்தப்ப ஸ்கூல்ல படிச்சியே, அத இப்பப் படி."

மிருதுளா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து, முதல் எழுத்திலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை. முடித்துவிட்டு, "நன்றி, வணக்கம்!" என்றாள்.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

அம்மா பிள்ளை முன்னால் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மூடினார். இன்னொரு கையை எதிரே நீட்டினார்.

"எத்தனை விரல்?"

"மூணு."

"இப்ப?"

"ரெண்டு. ஒண்ணுல மை ஒட்டியிருக்கு."

அம்மா கையை மாற்றி வலது கண்ணை மூடினார்.

"இப்ப?"

பிள்ளை தலையைச் சாய்த்து, கைக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கப் போனாள். அம்மாவின் கையும் கூடவே போனது.

"கையை எடுங்க டாக்டரம்மா."

"எடுக்கறேன். எத்தனைன்னு சொல்லு."

"தெரியல."

"விளையாடாத அம்மிணி! பாத்துச் சொல்லு," என்றார் சென்னியப்பன்.

"நெசமாத் தெரியலப்பா. இந்தக் கண்ணு எப்பவும் இப்படித்தான். பொகையா இருக்கும்."

சென்னியப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

"எப்பவுமா?"

"எப்பவும்."

"ஏஞ் சாமி எங்கிட்டச் சொல்லல?"

"எல்லாருக்கும் ஒரு கண்ணு அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அட கடவுளே! அவர் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டில வந்த அக்கா கண்ணை மறைச்சாங்கல்ல? அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நிறுத்தாமச் சொல்லணும், நிறுத்தினா ஸ்கூலுக்குக் கெட்ட பேருன்னு நீங்கதானப்பா சொன்னீங்க."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அம்மா கையை எடுத்ததும் மறுபடி வெளியே ஓடிவிட்டாள்.

சென்னியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிங்கம்மா இது? ஒருநாள் எதுலயும் முட்டினதில்ல, தடுக்கி விழுந்ததில்ல. பந்து புடிக்கறா, கோலம் போடறா..."

"ஒரு கண்ணு நல்லா இருக்கு. அது ரெண்டு பேரு வேலையும் பாத்துக்குது. அவளுக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட்டை இருக்குதுங்க! எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரின்னாலும் காட்டலாமுங்க!"

"இருக்கு. அது ஆஸ்பத்திரி வாசல்ல காட்டத்தான். பொகையா இருக்கிற கண்ணத் தேடிக்கிட்டு அது வராது."

"குணமாகுங்களா?"

"முழுசாப் பரிசோதிக்காம எதையும் உறுதியாச் சொல்லக்கூடாது. ஆனா வயசு சின்னது. நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மறைச்சு வெச்சு, மங்கின கண்ணை வேலை வாங்குவாங்க. இப்பவே ஆரம்பிச்சாப் பலன் இருக்கும். தள்ளிப் போடப் போடக் கஷ்டம். அப்புறம் கண்ணாடி போட்டாலும் தெளியாமப் போயிடலாம். நாளைக்கே கோயமுத்தூர் கூட்டிப் போங்க."

சென்னியப்பன் வாய்விட்டு அழுதார். "முருகா, தப்பிச்சோம்டா சாமி" என்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். பெற்ற மனசு வேறு எப்படித் தாங்கும்? அம்மா அழவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒரே ஒரு வேண்டுகோளுங்க. இவள நாளைக்கே கூட்டிட்டுப் போயிடறேன். ஆனா அந்தச் சார்ட்டு விஷயம்... வெளிய தெரிஞ்சா என் வேலைக்கே வெனையாயிடும். இத்தன வருஷம் சேத்த பேரு, காத்துல போயிடும். வண்டிதான் எப்படியும் அடுத்த வருஷம் மறுபடி வருதுங்களே. இது நமக்குள்ளயே இருக்கட்டுங்களா?"

திலகவதி அம்மா அவரையே பார்த்தார்.

"உங்க புள்ளைக்கு நாளைக்கே. ஊரார் புள்ளைக்கு அடுத்த வருஷமுங்களா?"