குளத்தில் விழுந்த எல்லை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு வரி போடுவதில் தனி ஆசை. ஆண்டில் நூறு பொன் வரை சம்பாதித்தால் வரி இல்லை, அதற்கு மேல் வருவதில் பாதி அரண்மனைக்கு என்று சட்டம் போட்டார்.

அந்த ஊரில் குளம் வெட்டும் ஒப்பந்தக்காரர் மருதமுத்து. இருபது ஏர் மாடும் ஆட்களும் வைத்து, ஆண்டுக்கு இருநூறு பொன் சம்பாதித்தார். தொழிலில் சரிபாதியை மனைவி செவந்திக்குப் பங்காக எழுதிக் கொடுத்தார். ஆளுக்கு நூறு பொன் ஆனது, வரி இல்லாமல் போயிற்று.

வரி மந்திரி வச்சிரபாகுவுக்கு அது பொறுக்கவில்லை. பங்கு வெறும் பேச்சு, எல்லாம் புருஷன் சம்பாத்தியம்தான் என்று ராஜாவிடம் ஓதினார். வரியைக் கட்டாவிட்டால் மாடுகளைப் பிடித்துவிடுவதாக மருதமுத்துவுக்கு ஓலை போயிற்று. மாடு போனால் தொழிலே போச்சு இல்லையா, கண்ணுகளா?

விகடகவி சடகோபன் அவருக்காகப் பரிந்து பேசினான். மந்திரி ராஜாவின் காதில் ஏதோ சொன்னார்.

"சடகோபா, ஒரே அடுப்பில் உண்பவர்கள் இவர்கள். இவனுடையது எது, அவளுடையது எது? இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையை நாளை மாலைக்குள் என் கண்ணுக்குக் காட்டு. இல்லையேல் மாடுகள் எனக்கு" என்றார் ராஜா.

சடகோபன் நேரே செவந்தியிடம் போனான். உன் பங்கு மாடுகளை உன் இஷ்டத்துக்கு விட்டால் என்ன செய்வாய் அம்மா என்று கேட்டான்.

"எந்தங்கச்சி ஊர்ல ஏரிக்கரை உடைஞ்சு கெடக்குங்க. அரண்மனைக் குளம் முடியட்டும், முடியட்டும்னே இவரு ஆறு மாசமாச் சொல்றாரு."

"உன் பங்குக்கு அவர் சம்மதம் எதற்கு?"

செவந்தி கொஞ்சம் யோசித்தாள். விடியற்காலையில் பத்து ஏர் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாலையில் ராஜா குளக்கரைக்கு வந்தார். ஒரு பாதியில் அன்று புதிதாக ஆளுயரம் வெட்டிக் கிடந்தது. செவந்தியின் மாடுகள் இல்லாததால் மறுபாதியில் அன்று மண்வெட்டியே படவில்லை. மந்திரிக்குக் கோபம் வந்தது. உன் மனைவியை உடனே திரும்பி வரச் சொல் என்று மருதமுத்துவை அதட்டினார்.

"கெஞ்சிப் பாத்துட்டேன் சாமி," என்றார் மருதமுத்து. "எழுதிக் குடுத்தது நெசமா பொய்யான்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

சடகோபன் வெட்டிய மண்ணின் விளிம்பைக் காட்டினான். "தாங்கள் கேட்ட எல்லை இதுதான், மகாராஜா. அந்தப் பக்கம் அவனுடையது. இந்தப் பக்கம், அவன் கெஞ்சியும் கிடைக்காதது."

ராஜாவின் முகம் மலர்ந்தது. மாடுகள் அவர்களுக்கே என்றார்.

"மந்திரியாரின் மாந்தோப்பும் அவர் மனைவி பெயரில், வரி இல்லாமல்தான் இருக்கிறது. அந்த அம்மையாரையும் ஒரு வார்த்தை கேட்கலாமே" என்றான் சடகோபன்.

ஆள் போய் குமுதவல்லி அம்மையாரை அழைத்து வந்தான். தோப்பைப் பற்றிக் கேட்டதும் அவர் விழித்தார்.

"எந்தத் தோப்பு?"

"வச்சிரபாகு, தோப்பு உம்முடையதானால் பத்து வருட வரியைக் கட்டும். இல்லையானால் சொல்லும்" என்றார் ராஜா.

மந்திரி தலையைக் குனிந்துகொண்டார். "அவளுடையதுதான், மகாராஜா."

"அப்படியானால் சாவியைக் கொடுங்கள்" என்று கையை நீட்டினார் அம்மையார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடகோபனுக்குப் போட்டார். அந்தக் கோடையில் வச்சிரபாகு மந்திரி தோப்பு வாசலில் காத்து நின்று, அம்மையாரைக் கேட்டுத்தான் மாம்பழம் தின்றாராம்.