கிளுவை ஓரத்துக்குப் போன கதை

செடி ஒரு வார்த்தை சொன்னால் மாடு திரும்பிப் பார்த்த அந்தக் காலத்தில், கிளுவைக்கு முள் கிடையாது. காங்கேயத்துப் பக்கம் பாவாத்தாள் என்றொரு குடியானவச்சி இருந்தாள். மேய்ச்சலுக்கென்றே அவள் விட்டிருந்த கொரங்காட்டின் நட்டநடுவில் கிளுவை வழவழவென்று நின்றது. சுற்றிலும் கொழுக்கட்டைப் புல். வேலி என்ற பேச்சே அப்போது இல்லை.

பாவாத்தாளின் பசு மயிலை, காட்டுக்குள் கால் வைத்ததும் நேராகப் புல்லிடம்தான் போகும். கிளுவையும் ஆசை ஆசையாய்க் கொழுந்து தள்ளிப் பார்த்தது. மயிலை ஒருநாள் அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தரையில் கிடக்கிற புல்லுக்கு வந்த வாழ்வைப் பார் என்று கிளுவைக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் புல்லிடம் நல்லவள் வேஷம் போட்டது.

"ஏம்புள்ள, தெனமும் இந்த மயிலை உன்ற தலையக் கடிக்கறாளே, வலிக்கலையா?"

"வலிக்கத்தான் செய்யுது. அவ போனதும் துளுத்துக்கறேன், மறந்துபோயிருதுக்கா."

"நான் வேணா சுத்தி நின்னுக்கறேன். ஒருத்தி உள்ள வர முடியாது. நீ நிம்மதியா வளரு."

புல்லும் ஆசைப்பட்டுச் சரி என்றது. கிளுவை தன் கிளைகளை ஒடித்து ஒடித்துக் காட்டோரமெல்லாம் ஊன்றியது. ஊன்றிய குச்சியெல்லாம் வேர் பிடித்தது. உள்ளே இருந்த எரிச்சல் தோலைக் கிழித்துக்கொண்டு முள்ளாக வெளியே வந்தது. நடுவில் தனக்கென்று ஒரு தண்டுகூட மிஞ்சாததை ஆத்திரத்தில் அது கவனிக்கவில்லை.

மறுநாள் மயிலை வெளியே நின்று கத்தியது. பசித்தால் என்னிடம்தானே வரவேண்டும் என்று கிளுவை தழையை நீட்டியது. மயிலை பட்டினி கிடந்ததே தவிர வாய் வைக்கவில்லை. விலா எலும்பு தெரிந்தது, மடி வற்றியது.

உள்ளே புல் இடுப்புயரம் வளர்ந்தது. கொஞ்ச நாள் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு முற்றிக் காய்ந்தது. கடிக்க ஆளில்லாத தாளெல்லாம் சாய்ந்து மூடிக்கொள்ள, அடியில் வந்த குருத்துக்கு வெயில் கிடைக்கவில்லை.

"அக்கா, மூச்சு முட்டுது. மயிலைய உள்ள உடுக்கா!"

கிளுவை காதில் வாங்காத மாதிரி நின்றது. புல் செத்தால் செத்துப்போகட்டும் என்றுதான் நினைத்தது.

அந்த முனகல் பாவாத்தாளுக்குக் கேட்டது. அரிவாளோடு வந்தாள். "உன்னைய வெட்டி அடுப்புல வெக்கறேன் பாரு!" என்று கிளுவையை ஓரிடத்தில் வெட்டி வழி செய்தாள். மயிலை உள்ளே ஓடி, காய்ந்ததை மென்றது, மிதித்தது, சாணி போட்டது. அடுத்த மழைக்குப் புல் துளிர்த்தது.

மீதியையும் வெட்டப் பாவாத்தாள் அரிவாளை ஓங்கினாள். அதற்குள் பச்சைக் குருத்தைப் பார்த்து ஊர் ஆடெல்லாம் ஓடி வந்தன. முள் குத்தித் திரும்பி ஓடின. அவள் கையைத் தாழ்த்தினாள்.

"அட, நீயும் ஒரு காரியத்துக்கு ஆவே. இங்கயே நில்லு. படலை நான் தொறந்தா மயிலை மேயட்டும். மூடுனா புல்லு துளுக்கட்டும்" என்று வெட்டிய வழிக்கு ஒரு மூங்கில் படலைக் கதவாகக் கட்டினாள்.

"நான் பழையபடி நடுவுலயே நின்னுக்கறேனே" என்று கிளுவை அழுதது.

"நடுவுல உனக்கு என்ன இருக்குது?" என்றாள் பாவாத்தாள்.

அன்று ஓரத்துக்குப் போன கிளுவைதான் இன்றும் கொரங்காட்டுக்கெல்லாம் வேலி. படல் தாண்டிப் புல்லுக்குப் போகிற பசுவின் விலாவில் ஒரு கீறல் போடாமல் விடாது. மாடுகளோ, உடம்பு அரித்தால் அங்கேதான் வந்து சுகமாக உரசிக்கொண்டு நிற்கின்றன.