ஐஸ் அறையின் மணி

மெர்சி டீச்சரிடம் கணினி படிக்க வந்தவர்களில் இருதயராஜ்தான் மூத்தவர். துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அவர் மகள் வயது. ஆனாலும் வகுப்பில் அவர்தான் சீடர், மற்றவர்களைவிடக் கேள்வியும் அவரிடம்தான் அதிகம். மீனவர் சங்கத்தின் அலை எச்சரிக்கை இணையப் பக்கத்தை டீச்சர் அவர் பொறுப்பில் விட்டிருந்தார்.

அன்று மத்தியானம் அவர் படியேறி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை.

"பக்கம் திறக்க மாட்டேங்கு டீச்சர். சாயங்காலம் கடல் மோசமாகும்னு தகவல் வந்திருக்கு. ஒரு போன்லயும் தெரியல."

"என்ன செஞ்சீங்க?"

"வெளிய இருந்து வாற அழைப்பை வாங்கி உள்ள அனுப்புற புராக்ஸியை, கம்ப்யூட்டர் மெஷினுக்குள்ளயே தனியா அடைச்சு வைக்கிற கண்டெய்னருக்குள்ள மாத்தினேன். பழசை அழிச்சிட்டேன். எச்சரிக்கை புரோகிராம் எப்பவும்போல மெஷின்ல நேரடியா ஓடுது. நல்லாத்தான் ஓடுது. ஆனா புராக்ஸி, அப்படி ஒரு புரோகிராம் இல்லவே இல்லைன்னு சாதிக்கு."

"நம்ம ஊருக்கு?"

"கோயில் மைக்ல சொல்லச் சொல்லிட்டேன். மத்த கரைக்காரங்க பக்கத்தைத்தான் பாப்பாங்க."

பக்கம் திறக்காவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது இருவருக்கும் தெரியும். சிக்னல் இல்லை என்று போனை மடியில் செருகிக்கொண்டு வள்ளத்தைக் கடலில் தள்ளிவிடுவார்கள். அந்த வள்ளங்களில் ஒன்று அவர் மகன் ஜெரோமுடையது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் மாமனார் ஊர்க் கரையில் தொழில் செய்கிறான். கடலுக்குப் போகாதே என்று இவர் சொன்னார், அவன் போனான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

"ஜெரோமுக்குப் போன் பண்ணுனீங்களா?"

"மனசுக்குள்ள நூறு தடவை கூப்பிட்டாச்சு டீச்சர்."

டீச்சர் திரையைப் பார்த்தார்.

"புராக்ஸி எந்த விலாசத்துல போய்த் தேடுது?"

"இதே மெஷின்லதான். முந்தி இருந்த விலாசத்தையே அப்படியே போட்டேன்."

"கீழ வாங்க."

"இப்பவா? நேரம் போகுது டீச்சர்!"

"வாங்க அண்ணாச்சி."

வகுப்புக்குக் கீழே ஐஸ் பேக்டரி. லூர்துக்கு அங்கேதான் வேலை. டீச்சர் ஐஸ் அறையின் கனத்த கதவைத் திறந்து அவரை உள்ளே போகச் சொன்னார்.

"வெளிய லூர்து இருக்கான். அவனைக் கூப்பிடுங்க. வந்ததும் மேல போயிரலாம்."

கதவு மூடிக்கொண்டது.

"லூர்து!" என்று கத்தினார். "ஏல லூர்து!" பாளம் பாளமாக அடுக்கியிருந்த ஐஸுக்கு நடுவே அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. பல் கிட்டியது. டீச்சர் மேல் கோபம் கோபமாக வந்தது. மகன் இந்நேரம் வலையை ஏற்றிக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வந்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது.

அப்போதுதான் கதவோரம் சிவப்பு பட்டனைப் பார்த்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்காக வைத்தது. அழுத்தினார். வெளியே எங்கோ மணி அடித்தது. ஒருவரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்.

கடைசியில் கதவைத் திறந்தது டீச்சர். லூர்து ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"மணி கேக்கலையால உனக்கு?"

"கேட்டுச்சு அண்ணாச்சி. ஆனா நான் மெஷின் ரூம் மணிக்குத்தான் எந்திரிப்பேன். முதலாளி அப்படித்தான் சொல்லியிருக்காரு. ஐஸ் ரூம் மணிக்கு யாருன்னு ஒருத்தரும் சொல்லலையே?"

இருதயராஜ் அவனைத் திட்ட வாயெடுத்தார். திட்டாமல் மாடிக்கு ஓடினார்.

"புராக்ஸி அந்த ரூமுக்குள்ள நின்னு கத்துது" என்றார் நாற்காலியில் விழுந்தபடி. "தன்னோட ரூமையே மெஷின்னு நினைச்சுக்கிட்டிருக்கு." கண்டெய்னருக்குள்ளிருந்து மெஷினைக் கூப்பிடத் தனி விலாசம் உண்டு. பழையதை அழித்துவிட்டு அதை எழுதினார்.

பக்கம் திறக்கவில்லை.

"சரி, மணி அடிச்சாச்சு. இனி லூர்து" என்று முணுமுணுத்தார். எச்சரிக்கை புரோகிராமின் அமைப்பைத் திறந்தார். மெஷினுக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும்படி அவரே என்றோ எழுதி வைத்திருந்தார்.

"எங்க இருந்து யார் கூப்பிட்டாலும் கேக்கும்படி திறந்து விட்டுருதேன் டீச்சர். சட்டுன்னு முடிஞ்சிரும்."

"ஐஸ் ரூம் கதவைத் திறந்தே போட்டாலும் லூர்துக்குச் சட்டுன்னு கேக்கும். ஐஸ்?"

அவர் விரல் நின்றது. யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து எச்சரிக்கையை அழிக்கலாம், பொய்யாக ஒன்றை ஏற்றலாம். கண்டெய்னருக்கும் மெஷினுக்கும் நடுவில் உள்ள ஒற்றை வழியில் மட்டும் கேட்கும்படி மாற்றி, புரோகிராமை மறுபடி ஓடவிட்டார்.

பக்கம் திறந்தது. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கரையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். யார் யார் திறந்தார்கள் என்று திரையில் வரிகள் ஓடின. இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மறுபடி முகம் வாடியது.

"ஜெரோம் பாத்திருக்க மாட்டான் டீச்சர். அப்பா நடத்துற பக்கம்னு அவன் திறக்கவே மாட்டான்."

போன் அவர் கையில் இருந்தது. மகனின் எண்ணை எடுத்து வைத்திருந்தார். விரல் அதன்மேல் போகவில்லை.

"அவன் எங்க எடுக்கப் போறான், டீச்சர்" என்றார்.

டீச்சர் அறையை விட்டு வெளியே போக எழுந்தார்.

"பட்டன் உள்பக்கம்தான் இருக்கு, அண்ணாச்சி."